அழகரே வாகனம் மாத்துறாரு!

பைக்கிலிருந்து விழுவதில் இரண்டு வகை உண்டு. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய் விழுவது ஒரு வகை. அதில் ஒரு வீரம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வருகிறவர்கள்கூடக் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்கள். இன்னொரு வகை, நின்றுகொண்டிருக்கும்போதே விழுவது.

நான் விழுந்தது இரண்டாவது வகை.

2025 ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. வண்டியூரில் புரோட்டா வாங்கிக்கொண்டு கிளம்பியவன், பாதி வழியில்தான் சால்னாவைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்து வண்டியைத் திருப்பினேன். திருப்பினேன் என்று சொல்வது தப்பு. திருப்ப ஆரம்பித்தேன். க்ரூஸர் பைக் பாருங்கள், முன் சக்கரம் எங்கேயோ திருப்புவனத்தில் இருக்கும், நான் வண்டியூரில் இருப்பேன். பாதி திரும்பியதும் எதிரே ஒரு ஷேர் ஆட்டோ. பிரேக் பிடித்தேன். வண்டி நின்றது. இடது காலை ஊன்றினேன். இடுப்பில் 'சுருக்'கென்று ஒரு மின்சாரம். அவ்வளவுதான், வெட்டிய வாழை மாதிரி வண்டியும் நானும் மெதுவாக, ரொம்ப மெதுவாக, தெருவே பார்த்துக்கொண்டிருக்கச் சாய்ந்தோம். எனக்கு அடி இல்லை. புரோட்டாவுக்கும் இல்லை.

ஸ்கூட்டரில் வந்த இரண்டு காலேஜ் பையன்கள் ஓடி வந்து வண்டியைத் தூக்கினார்கள். நல்ல பையன்கள். ஒருவன் என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டுக் கேட்டான்:

"அங்கிள், அடிபட்டுருச்சா?"

எனக்கு வயது முப்பத்தெட்டு. 'அண்ணே' என்று கூப்பிட்டிருக்கலாம். மதுரையில் பிச்சைக்காரர்கூட 'அண்ணே' என்றுதான் கேட்பார். அடி எனக்கு அந்த வார்த்தையில்தான் பட்டது. போகிற போக்கில் அவன் நண்பன் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனான்: "இந்த மாதிரி வண்டியெல்லாம் எங்கப்பாவே விட்டுட்டாரு அங்கிள்."

வீட்டுக்குப் போய், "வண்டி பஞ்சர்" என்று சொன்னேன். சால்னா இல்லாத புரோட்டாவுக்கு வேறு என்ன காரணம் சொல்வது?

இந்த க்ரூஸர் பைத்தியம் பிடித்த கதையைச் சொல்ல வேண்டும். 2001-ல் பஜாஜும் கவாஸாகியும் சேர்ந்து எலிமினேட்டர் என்று ஒரு பைக் கொண்டுவந்தார்கள். 175 சி.சி. தாழ்ந்த சீட்டு, நீண்ட உடம்பு, முன்னால் நீட்டிய கால். 2002-ல் ராயல் என்ஃபீல்டின் தண்டர்பேர்ட். 2005-ல் பஜாஜ் அவெஞ்சர். நான் பி.காம். முதல் வருஷம் சேர்ந்ததும் அதே 2005-ல்தான். 'இதில் ஏறினால் கடவுள் மாதிரி இருக்கும்' என்கிற அர்த்தத்தில் அவெஞ்சருக்கு ஒரு விளம்பரம் வரும். பதினெட்டு வயசில் 'டவுன் பஸ் ஃபுட்போர்டு' என்கிற வாகனத்தில் பவனி வந்துகொண்டிருந்த எனக்குக் கடவுளாகிற ஆசை வந்ததில் என்ன தப்பு?

வேலைக்குப் போன கையோடு 2009-ல் ஒன்று. அதைக் கொடுத்துவிட்டு 2015-ல் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. மொத்தம் இரண்டு க்ரூஸர், பதினாறு வருஷம். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். கீழே போட்டது நான். கம்பெனிக்காரர்களை எதற்குச் சாட்சிக்கு இழுக்க வேண்டும்?

க்ரூஸர் என்பது அமெரிக்கர்கள் அவர்கள் ஊர் ரோட்டுக்காகச் செய்துகொண்ட சங்கதி. அங்கே மைல் கணக்கில் வளைவே இல்லாமல் நேராகப் போகிற ரோடுகள் உண்டு. 1969-ல் வந்த 'ஈஸி ரைடர்' படத்தில் பீட்டர் ஃபோண்டா கையைத் தூக்கி, காலை நீட்டி, நாடு பூராவும் போவார். முன் ஃபோர்க் சாய்ந்து நீண்டிருப்பதால் வண்டி நேர்கோட்டில் ரயில் மாதிரி போகும். நேராகப் போகிறவரை சுகம்தான். நம் ரிங் ரோட்டில் பாண்டி கோயில் பக்கம் ஏறி, விரகனூர் தாண்டி விடிகாலையில் போய்ப் பாருங்கள், ராஜா மாதிரி இருக்கும்.

ஆனால், ஆபீஸ் ரிங் ரோட்டில் இல்லையே! என் வேலை கீழமாசி வீதிப் பக்கம். மூட்டை இறக்குகிற லாரி, அதற்குப் பக்கத்தில் தள்ளுவண்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு மாடு, மாட்டுக்குப் பின்னால் நான். அமெரிக்காக்காரன் இந்த மாட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. விளக்குத்தூண் பக்கம் யூ டர்ன் அடிப்பதற்குப் பதில், நேராகப் போய் முனிச்சாலையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்த நாட்கள் எத்தனையோ. "ஏன் லேட்டு?" என்று கேட்டால், "ட்ராஃபிக்" என்பேன். வண்டியைத் திருப்பத் தெரியவில்லை என்று எந்த ஆம்பளை சொல்வான்?

விழுந்த மறுநாள், வீட்டுக்குத் தெரியாமல் ஓர் எலும்பு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன வண்டி ஓட்றீங்க?"

சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அதுல உக்காந்தா கால் எங்க இருக்கும்?"

"முன்னாடி நீட்டிக்கிட்டு, சார்."

"அப்ப பள்ளத்துல விழும்போது எந்திரிச்சு நிப்பீங்களா?"

நிற்க முடியாது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. சாதாரண பைக்கில் ஃபுட்ரெஸ்ட் உடம்புக்கு நேர் கீழே இருக்கும். பள்ளமோ வேகத்தடையோ வந்தால் காலை ஊன்றி லேசாக எழுந்துகொள்ளலாம். அதிர்ச்சியை முழங்காலும் தொடையும் வாங்கிக்கொள்ளும். க்ரூஸரில் கால் முன்னால் இருக்கிறது. எழுந்திருக்க வழியே இல்லை. ரோடு கொடுக்கிற குத்து எல்லாம் நேராக வால் எலும்புக்குப் போய், அங்கிருந்து முதுகுத்தண்டில் மாடி ஏறுகிறது. சாய்ந்து உட்கார்ந்திருப்பதால் உடம்பின் கனம் முழுக்கவும் அங்கேதான்.

"பதினாறு வருஷமா இப்படியா?" என்றார் டாக்டர். "நல்லா தாங்கியிருக்கு."

வருமான வரிச் சட்டத்தில் தொழிலுக்கு வைத்திருக்கிற பைக்குக்கு வருஷத்துக்கு 15 சதவிகிதம் தேய்மானம் எழுதலாம். கணக்குப் படித்தவன் நான். வண்டிக்கு ஒழுங்காக வருஷா வருஷம் தேய்மானம் போட்டேன். மேலே உட்கார்ந்திருந்த சொத்துக்குப் போடவில்லை.

வண்டியை மாற்றுவது என்று முடிவாயிற்று. எதற்கு மாற்றுவது? சின்ன பைக்கா? சேச்சே. ஸ்கூட்டரா? வீட்டில் மனைவி, "என் ஸ்கூட்டியையே எடுத்துட்டுப் போங்களேன். அதுல காய்கறிப் பையும் வச்சுக்கலாம்" என்றாள். கடவுள் ரேஞ்சிலிருந்து காய்கறிப் பை ரேஞ்சுக்கா? மனசு ஒப்பவில்லை.

அப்போதுதான் இந்த 'ரெட்ரோ' சமாசாரம் கண்ணில் பட்டது. உருண்டை ஹெட்லைட், கண்ணீர்த்துளி மாதிரி டேங்க், நிமிர்ந்து உட்காருகிற சீட்டு. உருவம் தாத்தா, உள்ளே இன்ஜின் பேரன். 2018-ல் ஜாவா திரும்ப வந்தது, 2022-ல் யெஸ்டி வந்தது. ரெண்டுமே ஒரு காலத்தில் மைசூர் ஐடியல் ஜாவா ஃபாக்டரியின் வாரிசுகள். ஹோண்டா 2020-ல் ஒன்று விட்டது. இதற்கெல்லாம் முன்னாலேயே 2009-ல் வந்தது ராயல் என்ஃபீல்டின் கிளாசிக்.

இதில் நமக்கென்று ஒரு தனிப் பெருமை உண்டு. இங்கிலாந்தில் ரெட்டிச் என்கிற ஊரில் பிறந்த புல்லட், 1955-ல் நம் மெட்ராஸுக்கு வந்தது. நம் ராணுவம் 350 சி.சி. புல்லட் வேண்டுமென்று கேட்டதால் வந்த வினை. திருவொற்றியூரில் ஃபாக்டரி. அப்புறம் இங்கிலாந்தில் கம்பெனியை மூடியே விட்டார்கள். ஆனால், திருவொற்றியூரில் தட்டிக்கொண்டே இருந்தார்கள். மற்ற ஊர்க்காரர்கள் அந்தக் காலத்து பைக்கை மியூஸியத்தில் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தபோது, நம் ஊரில் பால்காரரும் சப்-இன்ஸ்பெக்டரும் அதையே புதுசாக வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நமக்கு 'ரெட்ரோ' என்பது திரும்பி வந்த விருந்தாளி இல்லை. திண்ணையை விட்டு எழுந்தே போகாத தாத்தா!

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது.

அப்பா 1988-ல் செகண்ட் ஹாண்டில் வாங்கின புல்லட். கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை அதைத் துடைப்பதுதான் அவருக்குக் கோயில். நானும் அக்காவும் டேங்க் மேல் ஒருத்தர், பின்னால் அம்மா மடியில் ஒருத்தர் என்று தெப்பக்குளத்துக்குப் போவோம். 2006-ல் அக்கா கல்யாணம். அந்த வருஷம் அப்பா புல்லட்டை விற்றார்.

'பொண்ணு கல்யாணத்துக்காக உசுரா வச்சிருந்த வண்டியை வித்த மனுஷன்' என்று எங்கள் சொந்தத்தில் அப்பாவுக்கு ஒரு பட்டமே உண்டு. எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இந்தக் கதை பாயசத்துக்கு முன்னால் வந்துவிடும். அக்கா ஒவ்வொரு தடவையும் கண் கலங்குவாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் அப்பளத்தை நொறுக்குவார். அதற்கப்புறம் அவர் வண்டியே வாங்கவில்லை. சைக்கிள், டவுன் பஸ். என் க்ரூஸரில் ஒரு நாள்கூட ஏறினதில்லை. "பின் சீட்டு பல்லி உக்கார்ற மாதிரி இருக்கு" என்பார்.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதியிலிருந்து, 350 சி.சி.க்கு மேற்படாத பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. எனக்கு இது நிதி அமைச்சகம் தனிப்பட்ட முறையில் செய்த உதவி. ஆபீஸில், தெருவில், மச்சினன் வீட்டில், யார் கேட்டாலும் ஒரே பதில்: "வரி பத்து பர்சென்ட் குறைஞ்சிருக்கு. இப்ப மாத்தலைன்னா முட்டாள்தனம்." எல்லோரும் 'கணக்குத் தெரிஞ்சவன்' என்று தலையாட்டினார்கள். இடுப்பு வலி என்கிற வார்த்தை யார் காதிலும் விழவில்லை.

அக்டோபரில் கிளாசிக் 350 வீட்டுக்கு வந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எடை ஒன்றும் குறைந்துவிடவில்லை, 195 கிலோ. சீட் உயரம் 805 மில்லிமீட்டர், க்ரூஸரைவிட உயரம்தான். ஆனால், கால் உடம்புக்குக் கீழே வந்துவிட்டது. முதுகு நிமிர்ந்துவிட்டது. வேகத்தடை வந்தால், பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரைப் பார்த்த மாதிரி லேசாக எழுந்துகொள்கிறேன். அந்தப் புரோட்டாக் கடை எதிரே ஒரே மூச்சில் யூ டர்ன் அடித்தேன். கைதட்டத்தான் ஆள் இல்லை.

எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு நிறுத்தியிருந்த வண்டியை அப்பா வாசல்படியில் நின்று பார்த்தார். எழுபத்திரண்டு வயது. இறங்கி வந்தார். டேங்கைத் தடவினார். குனிந்து வலது பக்கம் எதையோ தேடினார்.

"கிக்கர் எங்கடா?"

"இதுல கிக்கரே கிடையாதுப்பா. வெறும் பட்டன்தான்."

அமுக்கிக் காட்டினேன். ஸ்டார்ட் ஆயிற்று. அணைத்தார். அவரே அமுக்கினார். அணைத்தார். மறுபடி அமுக்கினார். காலிங் பெல் கிடைத்த சின்னப் பையன் மாதிரி நாலு தடவை.

பழைய புல்லட்டை ஸ்டார்ட் பண்ணுவது சாமானிய வேலை இல்லை. அம்மீட்டர் முள் நடுவில் வருகிற மாதிரி கிக்கரை மெதுவாக இறக்க வேண்டும். டிகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் கொஞ்சம். அப்புறம் கிக்கரை மேலே விட்டு, முழு உடம்பையும் ஏற்றி ஓர் உதை. கணக்குப் பிசகினால் கிக்கர் திருப்பி உதைக்கும்.

"அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமாப்பா?" என்று, அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் சொன்னேன்.

"போடா. அந்தக் காலத்துல என்ன இருந்துச்சு, முட்டி வலிதான்" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"யானைக்கல்லுல ஒரு நாள் வண்டி ஆஃப் ஆயிருச்சு. பதினஞ்சு உதை உதைச்சேன். வர மாட்டேங்குது. வேர்த்து ஊத்துது. முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. பூ வித்துக்கிட்டிருந்த அம்மா, 'பாவம் பெரியவரு, யாராச்சும் உதைச்சுக் குடுங்கப்பா'ன்னுச்சு. ஒரு பய வந்தான், இருபது வயசு இருக்கும். குனிஞ்சு பெட்ரோல் டேப்பைப் பார்த்தான். ரிசர்வுல போட மறந்துருக்கேன். டேப்பைத் திருப்பிவிட்டு ஒரே உதை. டும் டும்னு கிளம்பிருச்சு. வண்டி மேல ஒரு தப்பும் இல்ல. அப்ப எனக்கு அம்பத்து மூணு."

"எந்த வருஷம்ப்பா?"

"அக்கா கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது.

"அப்ப... கல்யாணத்துக்காக விக்கலையா?"

"வித்தது பதினாலாயிரம். பந்தல்காரனுக்கும் சமையல்காரனுக்கும் அட்வான்ஸ் குடுக்கவே காணாது. கல்யாணப் பணம் பி.எஃப். லோன்லேயே வந்துருச்சு. உங்கம்மாதான் யார்கிட்டயோ கல்யாணத்துக்கு வித்தாருன்னு சொன்னா. கேக்க நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன்."

பத்தொன்பது வருஷம்! பி.காம். படித்தவன். பதினாலாயிரம் ரூபாயில் ஒரு கல்யாணம் நடக்குமா என்கிற ஒரு வரிக் கணக்கு எனக்குத் தட்டவே இல்லை. அக்கா எத்தனை பந்தியில் அழுதிருக்கிறாள்!

கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் வேறு என்னவோ வந்தது. அந்த மனுஷர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே எத்தனை வருஷம் அந்தப் பூக்கார அம்மாவைத் தனியாகச் சுமந்திருக்கிறார். முட்டி வலி என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் வைத்தியம் பார்த்திருக்கலாம். ஒரு லேசான வண்டி வாங்கியிருக்கலாம். அம்மாவோடு இன்னும் கொஞ்ச நாள் தெப்பக்குளம் போயிருக்கலாம். 'தியாகம்' என்று ஊர் சொன்னதால் அவர் டவுன் பஸ்ஸிலேயே தொங்க வேண்டியதாயிற்று. தியாகம் செய்தவர் மறுபடி வண்டி வாங்கினால் நன்றாகவா இருக்கும்?

நானும் சொல்லிவிட்டேன். சால்னா, யூ டர்ன், வாழைமரம், அங்கிள், எக்ஸ்ரே, எல்லாம். அப்பா முழுக்கக் கேட்டார். "அங்கிள்னானா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டுக்கொண்டார். "எனக்குப் 'பெரியவரு'. உனக்குப் பரவாயில்ல."

சாயங்காலம் தெப்பக்குளத்துக்குப் போனோம். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டின குளம். ஒரு மூலையில், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, "ஒரு பத்தடி ஓட்டிப் பாக்குறேன்" என்றார் அப்பா. நான் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடத் தயாராக நின்றேன், சின்ன வயசில் எனக்கு சைக்கிள் பழக்க அவர் நின்ற மாதிரி. ஃபர்ஸ்ட் கியர் நானே போட்டுக் கொடுத்தேன். வண்டி நகர்ந்தது. முகத்தில் 1988 வந்தது. செகண்ட் கியர் போட வலது காலை அமுக்கினார்.

பழைய புல்லட்டில் கியர் வலது பக்கம். இதில் வலது பக்கம் பிரேக்!

வண்டி 'டக்'கென்று நின்று அணைந்தது. நல்லவேளை, இரண்டு காலையும் ஊன்றிவிட்டார். நானும் பிடித்துவிட்டேன். "கியரை ஏன்டா அங்குட்டுக் கொண்டுபோய் வச்சாய்ங்க?" என்று திட்டிக்கொண்டே இறங்கிப் பின் சீட்டில் ஏறினார். பல்லி மாதிரி இல்லை. நன்றாகவே உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது வண்டியூர் டீக்கடையில் நிறுத்தினோம். மாஸ்டர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேண்ணே இருந்துச்சு பழைய வண்டி? எதுக்கு மாத்துனீங்க?" என்றார். நான் ஜி.எஸ்.டி.க்கு வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"ஏம்ப்பா, சித்திரைத் திருவிழாவுல அழகர் தங்கக் குதிரையில வைகையில எறங்குறாரு. மறுநாள் இந்த வண்டியூர்ல சேஷ வாகனத்துக்கு மாறுறாரு. தேனூர் மண்டபத்துல கருட வாகனம். கடைசியில பூப்பல்லக்குல போறாரு. எதுக்கு மாத்துனீருன்னு அவர்கிட்ட எவனாச்சும் கேட்டீங்களா?"

மாஸ்டர் கப்சிப். டீக்கு சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அந்த வேகத்தடை வந்தது. நான் லேசாக எழுந்தேன். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இடுப்பு வலிக்குதா?"

"இல்லப்பா. இப்ப இல்ல."

"எனக்கும் முட்டி ஒண்ணும் பண்ணல" என்றார். கொஞ்ச தூரம் போனதும், காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"தம்பி... யானைக்கல் சமாசாரம் அக்காவுக்குத் தெரிய வேணாம். உன்னைய யாராச்சும் கேட்டாலும் ஜி.எஸ்.டி.ன்னே சொல்லு."